எத்தியோப்பியாவில் வேலைக்குப் போகலாமா? அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் பயப்படுகிறார்கள், அங்கே மக்கள் எப்படி, தனி ஆளாகச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுவது அம்மாவாகத்தான் இருக்கும். "பஞ்சம் பட்டினி நாடாச்சே" என்று ஒரு மாமா சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார்கள்.

நான் 2012 முதல் 2018 வரை தெற்கே அர்பா மிஞ்ச் என்ற ஊரில் இருந்தேன். இரண்டு ஏரி, சுற்றிலும் மலை, திரும்பின பக்கமெல்லாம் வாழைத்தோட்டம். ஒரே ஊரை வைத்துக்கொண்டு நாட்டைப் பற்றிப் பேசுகிறாயா என்று யாராவது வருவார்கள், வரட்டும். எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கிற நாடு அது, எனக்குத் தெரிந்தது என் தெருவும் என் வகுப்பறையும்தான். நான் வந்த பிறகு 2020 நவம்பரில் வடக்கே போர் தொடங்கி இரண்டு வருடம் நடந்தது. இன்றைய நிலவரத்தை இப்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் குழப்புவது கடிகாரம். நாளை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பேருந்து 12 மணிக்கு என்றால் விடிகாலை ஆறு. நான் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் நின்றேன், பேருந்து ஆறு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. நாட்காட்டியும் வேறு, பதின்மூன்று மாதம், செப்டம்பரில் புத்தாண்டு. 2012 அக்டோபரில் நான் வேலையில் சேர்ந்த கடிதத்தில் வருடம் 2005 என்று இருக்கும். அப்புறம் "ஆமாம்" என்பதற்குச் சிலர் வாய் திறக்காமல் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். முதல் வாரம் அலுவலக எழுத்தருக்கு இளைப்பு நோய் என்றே நினைத்திருந்தேன்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். அங்கே தினப்படிச் சாப்பாடான இஞ்செரா, பெரிய தோசை மாதிரி, நம் புளித்த ஆப்ப மாவு வாசனையோடு இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன்பு 55 நாள் தொடர் விரதம், அப்போதெல்லாம் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். அதனால் சைவக்காரர்கள் "யெத்சோம் பெயாய்நெத்து" என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டால் போதும், பருப்பும் காயும் கீரையுமாகப் பெரிய தட்டு வரும். ஆட்டோவுக்கு அங்கே பெயரே பஜாஜ்.

சரி, நீங்கள் கேட்ட "மக்கள் எப்படி" என்பதற்கு வருகிறேன். இதற்கு என்னால் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் குடியிருந்தது ஒரு வயதான அம்மாவின் வளாகத்தில். எமாமா என்று கூப்பிடுவோம். போன முதல் மாதமே அவர் தன் இதிரில் என்னைச் சேரச் சொன்னார். இதிர் என்றால் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சாவுச் சங்கம். மாதாமாதம் கொஞ்சம் காசு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், பெஞ்சு, பாத்திரம், சமையல், பணம் எல்லாம் சங்கமே கொண்டு வந்து இறக்கிவிடும். எகூப் என்று இன்னொன்றும் உண்டு, அது நம் ஊர் சீட்டு மாதிரி. சீட்டில் சேர்ந்தேன். சாவுச் சங்கத்தில் சேரவில்லை. எனக்கு இந்த ஊரில் யார் சாகப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், அந்தச் சிரிப்பு இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர், அவ்வளவுதான். நம் இனிஷியல் முறையேதான், ஆனால் அவர்கள் அப்பாவை ஒற்றை எழுத்தாகச் சுருக்குவதில்லை. இங்கே வெறும் 'மு' வாக இருந்த என் அப்பா, அங்கே சம்பளப் பட்டியல் முதல் வகுப்பு அட்டவணை வரை முழுப்பெயராக இருந்தார். எமாமாவுக்கும் அவர் பெயர் மனப்பாடம்.

அப்பா பரமக்குடிப் பக்கம் கைத்தறி நெசவாளர். அர்பா மிஞ்சுக்கு மேலே மலையில் டோர்சே என்ற நெசவாளர் சமூகம் இருக்கிறது. பெண்கள் நூல் நூற்பார்கள், ஆண்கள் நெய்வார்கள். அவர்களின் தறியைப் படம் எடுத்து அனுப்பினேன். "குழித்தறிடா இது, நம்ம தறியேதான்" என்று அப்பா அரைமணி நேரம் பேசினார். அடுத்த விடுமுறைக்கு ஒரு காபி வாங்கிப்போய்க் கொடுத்தேன். காபி என்றால் கனத்த பருத்திப் போர்வை. நாம் குடிக்கிற காபிக்கு அங்கே புன்னா என்று பெயர். அப்பா அதைப் போர்த்திக்கொள்ளவே இல்லை, கரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

2016 அக்டோபரில் அங்கே நெருக்கடி நிலை அறிவித்தார்கள், மொபைல் இணையம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. நவம்பரில் ஒரு நாள் எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, என் போன் செத்துக்கிடந்தது. அன்று சாயங்காலம் ஊரில் அப்பா போய்விட்டார். தம்பி என்னைப் பிடிக்க முடியாமல் சேலத்து நண்பர் ஒருவரை, அவரும் எங்கள் துறைதான், பிடித்துச் சொல்லியிருக்கிறான். அவர் இரவு எட்டரைக்கு ஓடி வந்திருக்கிறார். எமாமா வாசலிலேயே நிறுத்திவிட்டார். சாவுச் செய்தியை ராத்திரியில் ஒருவனிடம் சொல்லக்கூடாது, அவன் சாப்பிட்டுத் தூங்கட்டும், விடியலில் நாலு பேர் சேர்ந்து போய்ச் சொல்வதுதான் முறை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மெர்டோ என்று பெயர். அன்றிரவு எமாமா எனக்கு இஞ்செராவும் பருப்பும் கொடுத்துவிட்டார், நன்றாகச் சாப்பிட்டேன்.

விடிகாலை ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஏழெட்டுப் பேர், எல்லாரும் வெள்ளைத் துணி. பெண்கள் நெத்தெலா என்கிற மெல்லிய மேல்துணி போடுவார்கள், இரண்டு ஓரத்திலும் வண்ணக் கரை இருக்கும். சாதாரண நாளில் கரை கீழே தொங்கும். துக்கம் என்றால் கரையை மேலே கழுத்துப் பக்கம் கொண்டுவந்து போர்த்துவார்கள். நெசவுக்காரன் பிள்ளைக்கு ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கண் கரைக்குத்தான் போகும். எமாமாவின் கரை மேலே இருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

இனி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, கோபம். ராத்திரியே ஏன் சொல்லவில்லை என்று அந்தச் சேலத்துக்காரரின் சட்டையைப் பிடித்தேன். ராத்திரியே தெரிந்திருந்தாலும் கிளம்பியிருக்க முடியாது. காலை விமானத்தில் அடிஸ் அபாபா, அங்கிருந்து இரவு விமானம், அப்புறம் சென்னை, அப்புறம் ஊர், எப்படிக் கூட்டினாலும் இரண்டு நாள். வீட்டில் மறுநாள் மதியமே எடுத்துவிட்டார்கள். இந்தக் கணக்கை நூறு தடவை போட்டுவிட்டேன். ஆனால் அன்றிரவு அம்மாவிடம் பேசியிருக்கலாம். அதை அந்த நல்ல மனிதர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கம் அவர்களுக்குச் சரி, எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். எட்டு மணிக்கு வளாகத்தில் கூடாரம் எழும்பிவிட்டது. எமாமாவின் இதிர் ஆட்கள் பெஞ்சு இறக்கினார்கள். நான் உறுப்பினர் இல்லை, விதிப்படி எனக்கு ஒன்றும் கிடையாது. "என் வளாகத்தில் இருக்கிற பிள்ளை" என்று எமாமா கணக்கரிடம் சொல்லிவிட்டார், கணக்கர் மூச்சை உள்ளே இழுத்தார், முடிந்தது. மூன்று நாள் லெக்சோ, அதாவது ஊரே துக்கத்துக்கு வந்து உட்காருவது. கோதுமையும் கொண்டைக்கடலையும் அவித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், நிஃப்ரோ என்பார்கள், தாளிக்காத சுண்டல். என் மாணவர்கள் வரிசையாக வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கிழவிகள் என் அப்பா பெயரைச் சொல்லி அழுதார்கள். முகமே பார்க்காத ஆளின் பெயரை அவர்கள் வாயில் அது எப்படி வருமோ அப்படிக் கொஞ்சம் உடைத்து உடைத்துச் சொன்னார்கள்.

அதே நேரம் ஊரில் என் தம்பி ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டில் இருந்த நோட்டை ஐஸ் பெட்டிக்காரனும் வாங்கவில்லை, பந்தல்காரனும் வாங்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு நூறு ரூபாய் நோட்டாகத் தேடிக் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். பதினாறாம் நாளுக்கு நான் போய் நின்றபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "மூத்தவன் இருந்தும் சின்னவன் கொள்ளி வச்சான், டாலர் எவ்வளவு வருது?"

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் திரும்பி வந்து ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள், ஆறு வருட அனுபவத்தை "ஆப்பிரிக்கா எல்லாம் கணக்கில் வராது சார்" என்று தள்ளிவிட்டார்கள். அட்வாவில் 1896இலேயே இத்தாலிப் படையைத் தோற்கடித்த நாடு, "உங்களை எத்தனை வருடம் வெள்ளைக்காரன் ஆண்டான் சார்?" என்று என் மாணவர்கள் கிண்டலாகக் கேட்ட நாடு, அங்கே பாடம் எடுத்தது இங்கே கணக்கில் வராதாம். கிளம்புவதற்கு முன்பே அனுபவச் சான்றிதழ் விஷயத்தைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அர்பா மிஞ்சுக்குத் திரும்பின வாரமே இதிரில் சேர்ந்தேன், கிளம்பும் மாதம்வரை கட்டினேன். நீங்கள் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் லெக்சோ என்றால் போய் உட்காருங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். வீட்டுக்காரரிடமும் உங்கள் ஊர் நண்பர்களிடமும், எனக்கு எந்தச் செய்தி வந்தாலும் ராத்திரியே எழுப்பிச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குக்கருக்கு ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக எடுத்துப்போங்கள், அதற்கு நான் அலைந்தது தனிக் கதை.