இலவசமாக வாங்குபவரிடம் குதிரையைக் கொடுக்காதீர்கள்

லாயத்து வாசல்: வாசகர் கேள்வி பதில்

(சிங்கப்பூரின் புக்கிட் தீமா பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராகச் சேர்ந்து, கிராஞ்சி திடலில் துணைப் பயிற்றுநராக ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, நானும் மூன்று நண்பர்களும் பங்கு போட்டு ஒரு பந்தயக் குதிரை வைத்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பிறந்தது, காயடித்தது, எட்டு வயது. கிராஞ்சியில் பந்தயம் நின்றதும் கோலாலம்பூருக்கு அனுப்பினோம். அங்கே முன்னங்கால் தசைநார் வீங்கிவிட்டது. இனி ஓடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தரகர் ஒருவர் இலவசமாகவே கொண்டுபோகிறேன் என்கிறார். தள்ளிவிட்டால் மாதச் செலவு மிச்சம் என்கிறார் என் பங்காளி. எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல இடம் பார்த்துக் கொடுப்பது எப்படி? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. காசு கொடுக்காமல் குதிரையைக் கொண்டுபோகும் தரகர் அதைத் தம் வீட்டு வாசலில் கட்டிவைத்துக் கொஞ்சப்போவதில்லை. யாரிடமாவது விற்பார். அவர் இன்னொருவரிடம் தள்ளுவார். மூன்றாவது கைக்குப் போகும்போது அந்தக் காலில் என்ன கோளாறு என்பதே யாருக்கும் தெரியாது. வலி மாத்திரை கொடுத்து, நொண்டல் தெரியாமல் ஓட்டிக் காட்டி விற்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே ஒரு விலை வையுங்கள், சிறு தொகையானாலும் பரவாயில்லை. அதைக் கொடுக்கத் தயங்குகிறவர் அடுத்த மாதம் லாடக்காரருக்கும் கொடுக்கமாட்டார்.

குதிரை வாங்குவது பெரிய செலவே அல்ல, வைத்துக் காப்பாற்றுவதுதான் செலவு. உங்களுடையது ஏறக்குறைய 500 கிலோ இருக்கும். நாளொன்றுக்கு 10 கிலோ காய்ந்த புல்லாவது உள்ளே போகவேண்டும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தவேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் ராவவேண்டும், குடற்புழு மருந்தும் டெட்டனஸ் ஊசியும் தவறக்கூடாது. எட்டு வயதில் ஓய்வு பெறும் குதிரை இருபத்தைந்து வயதுவரைகூட இருக்கும். அதாவது, ஓடிய காலத்தைப்போல் மூன்று மடங்கு காலம் அது சும்மா நின்று சாப்பிடும். வருகிறவரிடம் நீங்கள் முதலில் பேசவேண்டியது இந்தக் கணக்கைத்தான். இதைக் கேட்டும் எழுந்து போகாதவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

ஆனால் இப்போதே ஆள் தேடாதீர்கள். முதலில் கால். அடுத்த முறை போகும்போது முழங்காலுக்குக் கீழே பின்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், இரண்டு கால்களையும் ஒப்பிட்டு. அடிபட்ட கால் சூடாக இருக்கும். பிறகு காலை மடக்கித் தூக்கி, தசைநாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். நல்ல நார் முறுக்கிய கயிறுபோல் விறைப்பாக, ஓரம் தெளிவாக விரலில் தட்டும். அடிபட்டது தடித்துக் குழைவாக இருக்கும். அழுத்தினால் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். உள்ளே எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட்தான் சொல்லும். ஆறுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம். ஆறினாலும் அந்த இடம் பழைய பலத்துக்கு வராது. மெதுவான சவாரிக்கு ஆகுமா, புல்வெளியில் இன்னொரு குதிரைக்குத் துணையாக நிற்க மட்டும்தானா என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எப்படிப்பட்ட ஆளைத் தேடுவது என்பது அந்தத் தாளைப் பொறுத்தது.

இந்த ஓய்வுக் காலத்தில் இன்னொரு வேலையும் நடக்கவேண்டும். பந்தயக் குதிரை நாளில் பெரும்பகுதியை நான்கு சுவருக்குள் கழிப்பது. ஓட்ஸும் மாவுத் தீவனமும் தின்று வெடிக்கத் தயாராக நிற்பது. அதைத் திடீரென்று பெரிய திடலில் அவிழ்த்துவிட்டால் சந்தோஷப்படும் என்று நினைக்கிறார்கள். வேலியோரமாகத் தலைதெறிக்க ஓடி, இருக்கிற காலையும் உடைத்துக்கொள்ளும். தீவனத்தைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டவேண்டும். மருத்துவர் சம்மதித்தபின் சின்ன அடைப்பில், அமைதியான கிழக் குதிரை ஒன்றின் பக்கத்தில் விடவேண்டும். பந்தய லாடத்தைக் கழற்றியதும் சில நாள் கல் தரையில் கூசிக் கூசி நடக்கும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

எங்கே தேடுவது? மலேசியாவில் இருக்கும் குதிரைக்கு மலேசியாவிலேயே இடம் பார்ப்பதுதான் புத்தி. சிங்கப்பூருக்குத் திரும்பக் கொண்டுவர இறக்குமதி அனுமதி, ரத்தப் பரிசோதனை, வண்டிக்கூலி என்று போகும். வந்தபிறகு நிற்க இடமும் அரிது. இங்கே புக்கிட் தீமா சேடல் கிளப்பை 1951இல் தொடங்கியதே, பந்தயத்தில் ஓய்வுபெற்ற குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கத்தான். ஆனால் இங்குள்ள லாயங்களில் அறைகள் குறைவாகத்தான் இருக்கின்றன. நொண்டிக் குதிரைக்கு ஒன்றை ஒதுக்கும்படி கேட்பது நியாயமும் இல்லை. உங்கள் பயிற்றுநரையும் லாடக்காரரையும் விசாரியுங்கள். எந்த லாயம் ஒழுங்காகப் பணம் கட்டுகிறது என்பது முதலாளியைவிட லாடக்காரருக்கே நன்றாகத் தெரியும்.

இடத்தைப் பார்க்க முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள், அதுவும் நடுப்பகலில். அலுவலக அறையில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் குதிரைகளின் குளம்பைக் குனிந்து பாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விடுங்கள். நம் ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரை மூக்குத் துளை விரிந்து இரைக்கும், உடம்பு கொதிக்கும். உங்கள் குதிரைக்கு அந்தத் தொல்லை இருந்திருந்தால் மறைக்காதீர்கள். மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். தெரிந்து எடுப்பவர்தான் வைத்துக்கொள்வார்.

பேச்சு முடிந்ததும் உடனே விற்றுவிடவேண்டாம். மூன்று மாதம் பார்த்துக்கொள்ளக் கொடுங்கள். ஒத்துவந்தால் எழுதிக்கொடுங்கள். அந்தத் தாளில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: இனிப் பந்தயத்தில் ஓட்டக்கூடாது, வேறொருவருக்குக் கொடுப்பதானால் முதலில் உங்களிடம் கேட்கவேண்டும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நான்கு பங்காளிகளும் கையெழுத்திடுங்கள். பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப் எண்ணும் கூடவே போகட்டும். தோளில் மேலும் கீழுமாக இரண்டு எண் சூடு போட்டிருக்கும். கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். பாஸ்போர்ட்டோடு அது பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தேடியும் இடம் கிடைக்காவிட்டால்? வாசகர்கள் என்னைத் திட்டினாலும் சொல்கிறேன். கால் ஆறாமல் வலியோடு கை மாறிக்கொண்டே இருப்பதைவிட, பழகிய சைஸ் கயிற்றைப் பிடித்திருக்க, மருத்துவர் ஊசியில் முடிப்பது குதிரைக்கு நல்லது. அதற்கான செலவையும் மருத்துவச் செலவையும் நான்கு பேரும் இப்போதே எடுத்துவையுங்கள். ஜெயித்த பரிசுப் பணத்தை நான்காகப் பிரித்துக்கொண்டவர்கள்தானே? உங்கள் பங்காளியிடம் இதை என் பெயரிலேயே சொல்லலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சில மாதங்களாகக் குதிரையேற்றம் கற்கிறாள். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. கெட்ட குதிரை என்று சொல்லவில்லை. அது படித்த பாடம் வேறு. கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் பந்தயக் குதிரை அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகும். உங்கள் மகள் பயந்து இழுப்பாள், அது ஓடும். ஏறும்போது அசையாமல் நிற்கவும் அதற்குத் தெரியாது. ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, அது நடந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் மறக்கவைக்கத் தேர்ந்த கை வேண்டும், மாதக்கணக்கும் ஆகும். புதிதாகக் கற்பவருக்கு வயதான, சோம்பேறிக் குதிரைதான் குரு. இப்போதைக்கு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

கேள்வி: கிராஞ்சி திடல் காலியாகத்தானே கிடக்கிறது? வயதான குதிரைகளை அங்கேயே விட்டிருக்கக்கூடாதா? (பொங்கோல் வாசகர்)

பதில்: சிங்கப்பூரில் பந்தயத் திடல் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1842இல் ஃபேரர் பார்க், 1933இல் புக்கிட் தீமா, 2000இல் கிராஞ்சி. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன் தலைக் கறி சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியும்? 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்துக்குத் திரும்பவேண்டும், வீடுகளும் வரும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதியிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க என்னால் முடியாது.

கேள்வி: தம்பியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை கிடைக்குமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: தவில் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளையோடு எல்லையிலிருக்கும் துவாஸ் சோதனைச்சாவடிவரை போய்விடும். கார் வைத்துக்கொள்ளுங்கள்.