ரூட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க் திடீரென்று டிவியில் தெரியவில்லை. அந்த வசதியையே எடுத்துவிட்டதாக இணைய நிறுவனம் சொல்கிறது. இது நியாயமா? என்ன செய்யலாம்?

நியாயமே இல்லை. ஆனால் அதற்கு முன் ஒன்று. டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகும்போது "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று கொடுங்கள். சில ரூட்டர்கள் டிஸ்கை லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்து வைத்திருக்கும். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கோப்புகள் உள்ளேயே பத்திரமாக இருக்கும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் எல்லாம் தெரியும்.

உங்கள் வீட்டிலும் அதை அதிகம் பயன்படுத்தியவர் வயதானவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா.

அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளில், அதாவது திருவிழாக்களில், சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை என்று விடிய விடிய நடக்கும். அப்போது ஊர்க்காரர்கள் டேப் ரெக்கார்டரில் பதிந்து கொடுத்த கேசட்டுகள் 63 இருந்தன. எல்லாம் 90 நிமிடக் கேசட்டுகள். நாடாவில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், பழைய டெக் ஒன்றைத் தேடி வாங்கி, லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போட்டு ஏற்றினேன். 90 நிமிடக் கேசட் என்றால் 90 நிமிடம் ஓடவிட்டுத்தான் ஆகவேண்டும், குறுக்கு வழி கிடையாது. சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து எட்டு மாதம் ஆனது. சுருக்காமல் வைத்ததால் நிமிடத்துக்கு 10 எம்.பி., மொத்தம் 57 ஜி.பி. வந்தது. அந்த டிஸ்கை ரூட்டருக்குப் பின்னால் செருகினேன். டிவியில் 'கொடை' என்று ஒரு ஃபோல்டர் வந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் அப்பா அதைத் திறப்பார். ஸ்பீக்கரில் குடம் ஒலிக்கும்போது நாற்காலிக் கையில் அவருடைய வலதுகை விரல்களும் அதே அடியை அடிக்கும். எங்கே வேகம் கூடும் என்று விரலுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

நான் இருப்பது சென்னையில். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போனில், "அப்பா மூணு நாளா டிவியே போடலப்பா" என்றாள். போனை வாங்கிய அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தாம்ல எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன். நீ கஷ்டப்பட்டு ஏத்துனது. எப்படிச் சொல்லன்னு தெரியல" என்றார்.

மூன்று நாள் அந்த மனிதர், தன் கையால்தான் எல்லாம் அழிந்தது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் இதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்று இரவே பஸ் ஏறினேன். டிஸ்கில் விளக்கு எரிகிறது. யு.எஸ்.பி. துளை அப்படியே இருக்கிறது. ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால் யு.எஸ்.பி. என்ற மெனுவே இல்லை. டி.ஆர்-069 என்று ஒரு முறை உண்டு, 2004-இல் வந்தது. நிறுவனம் தன் இடத்திலிருந்தே நம் வீட்டு ரூட்டருக்குப் புது மென்பொருள் அனுப்பலாம், நம்மைக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கஸ்டமர் கேரில் மூன்று பேர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்கள். நான்காவது ஆள்தான் "அந்த ஃபீச்சர் இப்ப இல்ல சார்" என்றார். பிளானை மாற்றச் சொல்லி வாரம் நாலு எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, இதற்கு ஒரு வரி அனுப்பத் தோன்றவில்லை.

கீழே என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். "இலவசமாகக் கொடுத்ததுதானே?" இணைப்பு வாங்கும்போது அவர்கள் கொடுத்த நோட்டீஸில் அந்த வசதி படத்தோடு இருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். "பழைய எஸ்.எம்.பி.1 பாதுகாப்பில்லாதது." எஸ்.எம்.பி. என்பது வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை, 1 அதன் பழைய பதிப்பு. ஒப்புக்கொள்கிறேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு விண்டோஸ் 10-இன் புதுப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்கு மாற்றாக எஸ்.எம்.பி.2-ம் 3-ம் இருக்கின்றனவே. அதைக் கொடுக்க மனமில்லை என்றால், ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டாவது எடுத்திருக்கலாம். "பேக்கப் இல்லையா?" இருக்கிறது, என் லேப்டாப்பில். ஒரு பாட்டும் போகவில்லை. அப்பாவுக்கு அது தெரியாதே.

இந்த இணைய நிறுவனம் மட்டும் என்றில்லை. அப்பாவின் வங்கிக் கிளையில் கவுண்ட்டரில் பாஸ்புக் பதிவதை நிறுத்திவிட்டு மெஷின் வைத்தார்கள். அட்டையில் பார்கோடு ஒட்டினால்தான் அது எடுக்கும். பார்கோடு ஒட்டும் ஊழியர் எப்போது பார்த்தாலும் சீட்டில் இல்லை. பென்ஷன் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒருவர் மூன்று தடவை வெயிலில் நடந்து போய் வரவேண்டுமா? கேட்டால் "ஆப்பில் பாருங்க" என்கிறார்கள். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி அதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு "பாதுகாப்புக் காரணம்" என்று இரண்டு வரிப் பதில்தான் வந்தது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் போகவில்லை. அப்பாவுக்குப் பாட்டு முதலில் வேண்டியிருந்தது.

ஒரே டிவி போதும் என்றால் டிஸ்கை நேராக டிவியில் செருகுங்கள். எக்ஸ்ட்4 என்றால் பல டிவிகள் எடுக்காது, முதலில் வேறு டிஸ்குக்கு நகல் எடுக்கவேண்டும். ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ வைத்திருந்தால் கவனம். வீட்டில் பல பேருக்கு வேண்டும் என்றால் நான் செய்ததுபோல ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி, டிஸ்கை வீடு முழுக்கப் பகிர உதவும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற மென்பொருளைப் போடுங்கள். பழைய லேப்டாப் இருந்தால் அதுவும் போதும். ரூட்டர் கம்பெனியுடையது, அதில் நாளைக்கு எது இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

'கொடை' ஃபோல்டர் திரும்பி வந்துவிட்டது. அப்பா இப்போதும் டிவி போடுவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறாராம்.

உங்கள் டிஸ்க் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, டிவி என்ன மாடல் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.