லினக்ஸ் மின்டில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வேலை செய்யவில்லை, என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது: பெங்களூரில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வாசம், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பெயர் தெரியாத ஏசி600 ரக வைஃபை அடாப்டர். விண்டோஸில் ஓடுகிறது, மின்டில் வைஃபை பட்டியலே வரவில்லை.

முதலில் அந்த அட்டைப்பெட்டியை ஓரமாக வையுங்கள். அதில் இருக்கும் கம்பெனிப் பெயரால் இங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை, உள்ளே இருக்கும் சிப் எது என்பதுதான் விஷயம். பெரிய கம்பெனி என்றாலும் இதே கதைதான். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188இயுஎஸ் வந்தது. மாடல் நம்பர் ஒன்றுதான், டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வேறு. கூடவே வந்த சிடியையும் மறந்துவிடுங்கள். 'லினக்ஸ் சப்போர்ட்' என்று போட்டிருந்தாலும், பெரும்பாலும் ஏதோ பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப்பகுதிக்கு) எழுதிய சோர்ஸ் கோடாக இருக்கும். கெர்னலின் உள்கட்டமைப்பு மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைக்கு அதைக் கம்பைல் செய்து ஓடும் நிரலாக மாற்றக்கூட முடியாது.

நெட் இல்லாமல் எப்படி டவுன்லோடு செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோனை கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். டிரைவர் எதுவும் போடாமலே மின்ட் அதை எடுத்துக்கொள்ளும். ஃபோன் பிஜி வைஃபையில் இருந்தால் அதையே லேப்டாப்புக்கும் தரும், டேட்டா பேக் தீராது.

இப்போது அடாப்டரைச் செருகி, டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) எல்எஸ்யுஎஸ்பி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள் (எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி வேண்டாம்). வரும் வரிகளில் 0பிடிஏ என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள், அது ரியல்டெக். அதற்குப் பின்னால் சி811 என்றிருந்தால் சிப் 8811சியு. ஏசி600 என்று விற்பதில் நிறைய இந்த ரகம்தான், உங்களுடையதும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1ஏ2பி என்றிருந்தால் வேறு வேடிக்கை. அடாப்டர் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து விற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. விண்டோஸில் டிரைவர் ஏறியதும் வேஷம் கலைந்துவிடும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்ய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இருக்கிறது, சில சமயம் அது கவனிக்காமல் விட்டுவிடும். ஃபைல் மேனேஜரில் அந்தப் போலி சிடியை எஜெக்ட் செய்து பாருங்கள். பல நேரம் அதிலேயே எண் சி811 என்று மாறிவிடும்.

எண் மாறியும் வைஃபை வரவில்லையா? அப்படியானால் குறை கெர்னலில்தான். ரியல்டெக்கின் இந்த யூஎஸ்பி சிப்புகளுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2023இல் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. மின்ட் 21 முதலில் வந்தது 5.15 கெர்னலோடு. அதனால் கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) போய் டிரைவர் தேடி அலைவதற்கு முன், அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் போய், 6.8 போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மின்ட் 22க்கு மாறினாலும் சரி, அது வரும்போதே 6.8தான். ஏற்கெனவே வெளியிலிருந்து ஏதாவது டிரைவர் போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டுச் செய்யுங்கள். ஒரே அடாப்டருக்கு இரண்டு டிரைவர் இருந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

யூடியூபில் எல்லோரும் காட்டும் வழி, கிட்ஹப் டிரைவரை டிகேஎம்எஸ் என்ற நிரல் மூலம் போடுவது. எனக்கு அது கடைசி வழி. கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவரை டிகேஎம்எஸ் மறுபடி கம்பைல் செய்யும். எழுதியவர் பராமரிப்பதை விட்டுவிட்டால் ஒருநாள் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை போய்விடும். வேறு வழியே இல்லாத சிப் என்றால் போடுங்கள், ஆனால் செக்யூர் பூட்டை (லேப்டாப் தொடங்கும்போதே இயங்கும் பாதுகாப்பு அமைப்பை) மறக்காதீர்கள். அது ஆனில் இருந்தால் கையெழுத்தில்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். அங்கே பதறி 'கன்டின்யூ பூட்' அழுத்திவிடுகிறார்கள். 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

வேகம் குறைவாக இருந்தால் டிரைவரைத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். மாடிக்கு நாலு ரூட்டர் இருக்கும் பிஜிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலாகத்தான் இருக்கும், 5க்கு மாறுங்கள். ரூட்டரில் 5 இல்லை என்றால் அடாப்டரை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 இயங்கும்போது எழும் இரைச்சல் அதே 2.4 அலைவரிசையில்தான் விழும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும்.

திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதாக இருந்தால் மீடியாடெக் எம்டி7612யு உள்ளதாகக் கேளுங்கள், அதன் டிரைவர் பல வருடமாகக் கெர்னலிலேயே இருக்கிறது. கடையில் சிப் பெயர் கேட்டால் 'எல்லாத்துலயும் ஓடும் சார்' என்றுதான் பதில் வரும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே செருகி, எல்எஸ்யுஎஸ்பி அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.