வீடு பிடித்திருக்கிறது, தெரு எப்படி?

நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோகிறோம், போகிற இடம் நல்ல இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு நாலு வரி.

நாங்கள் பார்த்து வைத்திருக்கும் புறநகரில் குற்ற விகிதம் நகரத்துச் சராசரியைப் போல இரண்டு மடங்கு என்று ஒரு பட்டியலில் படித்தேன். வீடோ அருமையாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். குற்ற விகிதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. நடந்த குற்றங்கள் மேலே, அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கை கீழே. 4,000 பேர் வசிக்கும் இடத்தில் ஆண்டுக்கு 40 திருட்டு என்றால், 1 லட்சம் பேருக்கு 1,000 என்று பட்டியலில் ஏறும். படித்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த 40இல் 30 அங்கிருக்கும் பெரிய வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வளாகத்துக்கு வந்துபோகும் பல்லாயிரம் பேர் கீழே உள்ள எண்ணில் சேரவே மாட்டார்கள், அவர்கள் பறிகொடுத்த பொருள் மட்டும் மேலே சேரும். ரயில் சந்திப்பு, பேருந்து நிலையம், மதுக்கூடங்கள் உள்ள ஊர்களுக்கும் இதே கதைதான்.

சின்ன ஊர் என்றால் இன்னொரு சிக்கல். போன வருஷம் 2 வழிப்பறி, இந்த வருஷம் 4 என்றால் ‘100 சதவீதம் உயர்வு’ என்று தலைப்பு போட்டுவிடலாம். குறைந்தது 3, முடிந்தால் 5 ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வீடு புகுந்து திருடுவது, வழிப்பறி, வண்டித் திருட்டு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மக்கள் போலீசை நம்பிப் புகார் கொடுக்கிற இடத்தில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும், வாய் திறக்கப் பயப்படுகிற இடத்தில் குறைவாகத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த 3 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியலாளரும் அவருடைய சகாக்களும் இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத இடங்களிலிருந்து வந்திருந்தன. 1989இல் இது வெளியானது. பிற்பாடு வேறு பல நகரங்களில் தெருவாரியாக எண்ணிப் பார்த்தபோதும், ஏறக்குறைய 5 சதவீதத் தெருக்களிலேயே பாதிக் குற்றங்கள் குவிந்திருந்தன. ‘மோசமான ஏரியா’ என்று பேர் வாங்கிய இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம். ‘நல்ல ஏரியா’வில் ஒரு தெரு மட்டும் கெட்டிருக்கலாம். அதனால் தெருப்பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

வீட்டை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டோம். இன்னும் எத்தனை முறை பார்க்க வேண்டும்?

எத்தனை முறை என்பதைவிட எந்த நேரத்தில் என்று கேளுங்கள். இதில் நானே ஏமாந்தவன். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வீடு பார்க்கப் போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. வீட்டுக்கு நேர் எதிரே வேகத்தடை. வண்டிகள் மெதுவாகப் போகும், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன்.

குடிபோன முதல் திங்கள்கிழமை, அதிகாலை நாலரைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நெடுஞ்சாலை சிக்னலில் நிற்க மனமில்லாத லாரிகள் எங்கள் தெருவைக் குறுக்குவழியாக வைத்திருந்தன. காலி லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, பின்பக்க இரும்புக் கதவு ஒரு முறை தூக்கி அடிக்கும். டமால். அடுத்த லாரி வருவதற்குள் கண் அசரும், மறுபடியும் டமால். நான் மெச்சிய அதே வேகத்தடை! பதினோரு மாதம் அந்த வீட்டில் இருந்தேன்.

ஆகவே வேலை நாளில் காலை நெரிசல் நேரத்தில் ஒரு முறை, வேலை நாள் இரவு 10 மணிக்கு மேல் ஒரு முறை, வார இறுதி இரவில் ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. இவ்வளவும் முடியாவிட்டால் இரவு விஜயத்தை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்து 10 நிமிஷம், மூடி 10 நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியமாக இருக்காது, ஆனால் இப்போது குடியிருக்கும் வீட்டையும் புது வீட்டையும் ஒப்பிடப் போதும். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சாலைப் போக்குவரத்து ஒலி இரவில் சராசரியாக 45 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும். 10 டெசிபெல் கூடினால் காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கேட்கும். எனவே 45க்கும் 55க்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் தனியாக வசிக்கும் பெண். வேலை முடிந்து வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வீட்டை அப்புறம் பார்க்கலாம். ரயிலோ பேருந்தோ உங்களை இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள வழியை, அதே பத்தரை மணிக்கு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். விளக்குகள் எத்தனை என்பதோடு, இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருட்டுத் திட்டு விழுகிறதா, மரக்கிளை விளக்கை மறைக்கிறதா, எதிரே வருகிறவரின் முகம் 10, 15 அடிக்கு முன்பே தெரிகிறதா என்று கவனியுங்கள். கண்ணைக் கூசவைக்கும் ஒற்றை விளக்கைவிட மிதமாகச் சீராக எரியும் விளக்குகள் மேல். கூசும் வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்பவரை உங்களால் பார்க்க முடியாது, அவரால் உங்களைப் பார்க்க முடியும். விளக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்றால், உதவுகிறது. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் 2016இல் குலுக்கல் முறையில் சில வளாகங்களைத் தேர்ந்து கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெருங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன.

அடுத்து, வழியில் எத்தனை ஜன்னல்கள் தெருவைப் பார்த்திருக்கின்றன என்று எண்ணுங்கள். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் ‘தெருவின் கண்கள்’ என்று எழுதியது இதைத்தான். திறந்திருக்கும் மருந்துக் கடை, மாடியில் துணி எடுக்க வந்தவர், வாசலில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் என்று தெருவை யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால், போலீஸ் ரோந்து வராத நேரத்திலும் அது காவலில்தான் இருக்கிறது. நீளமான மதிற்சுவர், மூடிய கிடங்கு, காலி மனை என்று 200 மீட்டர் தொடர்ந்து வந்தால் எனக்கு யோசனையாக இருக்கும். சுரங்கப்பாதை இருந்து, அதற்கு மாற்றுவழியும் இல்லை என்றால், அந்த வீடு வேண்டாம் என்பேன். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

உயரமான மதில், வாசலில் காவலாளி, எங்கும் சி.சி.டி.வி. கேமரா உள்ள குடியிருப்பு என்றால் கவலை இல்லைதானே?

இரண்டே கேள்வி கேளுங்கள். கேமராப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? கடைசியாக அதை எடுத்துப் பார்த்தது எப்போது, எதற்காக? பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தால் கேமரா வெறும் அலங்காரம். மற்றபடி, நீங்கள் மதிலுக்கு வெளியிலும் நடந்தாக வேண்டும்.

எங்களுக்கு 6 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். கடத்தல் செய்திகளைப் படித்துப் பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு வாசலுக்கு வெளியே காத்திருக்கும் பெரிய ஆபத்து வண்டிதான். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் சாலை விபத்து முதலிடத்தில் இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் மோதினால் நடந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். 50ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. தெருவில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று அளக்கக் கருவி தேவையில்லை. 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தை 6 வினாடியில் கடந்தால் வேகம் 30. நாலு வினாடிக்குள் கடந்தால் 45க்கு மேல். பள்ளி விடும் நேரத்தில் 20 வண்டிகளை எண்ணிப் பாருங்கள்.

அக்கம்பக்கத்து உறவையும் போக்குவரத்துதான் தீர்மானிக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டி போகும் தெருவில் இருந்தவர்களுக்கு, 16,000 வண்டி போகும் தெருவாசிகளைப் போல மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். பிள்ளை கீழே விழுந்தால் தூக்க ஓடிவருகிறவர்களும் இந்த நண்பர்கள்தான்.

தரகர் ‘இங்கே தண்ணீரே தேங்காது’ என்று அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

சுவர் பொய் சொல்லாது. வெளிச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட், அக்கம்பக்கத்தில் புதிதாக உயர்த்திய வாசற்படிகள், வழக்கத்துக்கு மேலே ஏற்றி வைத்த மின் மீட்டர். இதில் இரண்டு தென்பட்டால் சந்தேகப்படுங்கள். தெரு உங்கள் வீட்டுத் தரையைவிட உயரமாக இருந்தால், இதுவரை வராவிட்டாலும் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டில் ‘வெள்ளம் வருமா’ என்று கேட்காதீர்கள். வீட்டு மதிப்பு குறையும் என்று மழுப்புவார்கள். ‘பெருமழை வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

அலுவலகத்துக்குப் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பழகிவிடும் என்கிறார் கணவர்.

போக வர இரண்டரை மணி. மாதம் 22 நாள் என்றால் 55 மணி நேரம், ஒரு வாரத்துக்கும் மேலான வேலை நேரம். பொருளியலாளர்கள் புருனோ ஃப்ரேயும் அலாய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியின் பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்ததில், பயணம் நீள நீள வாழ்க்கையில் திருப்தி குறைந்தது. நல்ல வீடும் குறைந்த வாடகையும் அதை முழுசாக ஈடுகட்டவில்லை. ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும் அந்தப் புறநகரிலிருந்து அலுவலகம் போய்வரச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மருத்துவமனை 6 கி.மீ. என்று வரைபடம் காட்டுகிறது. போதுமா?

தூரம் சரி, நடுவில் என்ன இருக்கிறது? பல புறநகர்களுக்கு உள்ளே போக ஒரே வழிதான். அதில் ஒரு ரயில்வே கேட் அல்லது குறுகலான பாலம். மாரடைப்பில் இதயம் நின்றுபோனால், உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். மாலை 6 மணிக்கு அந்த 6 கி.மீட்டரை ஓட்டிப் பாருங்கள். அப்படியே அந்த மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறதா என்று உள்ளே போய்க் கேட்டுவிடுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம்.

வேறு நாட்டில் இருக்கிறேன், நேரில் போய்ப் பார்க்க முடியாது.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களும் கிடைக்கும் இடமென்றால் ஆண்டுவாரியாகப் பாருங்கள். ஐந்து வருஷமாக உடைந்தே கிடக்கும் நடைபாதை நிறையச் சொல்லும். செயற்கைக்கோள் படத்தில் ஏரி, ஓடை, குப்பைக் கிடங்கு, விமானதள ஓடுபாதையின் நேர்க்கோடு எங்கே என்று பார்த்துவிடுங்கள். நம்பகமான ஒருவரை இரவில் வீடியோ அழைப்போடு தெருவில் நடக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பார்த்த பிறகும் உடனே வாங்காதீர்கள், முதல் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள்.

குடியிருப்பவர்களிடம் ‘இங்கே பாதுகாப்பா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஆமாம்’ என்கிறார்கள்.

அப்படித்தான் சொல்வார்கள். தன் தெருவை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. 1995இல் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனின் குழு சிகாகோவில் 8,782 பேரிடம் வேறு மாதிரி கேட்டது. பள்ளி நேரத்தில் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால், வாசலில் சண்டை வந்தால், அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா என்று. ‘தலையிடுவார்கள்’ என்ற நம்பிக்கை அதிகம் இருந்த பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. நீங்களும் அந்த மாதிரி கேளுங்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் யார் புகார் சொல்வார்கள்? ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் எதிர்வீட்டைக் கையால் காட்டினால், எனக்கு அது போதும்.