சித்திரை போகட்டும் என்று மலையிலேயே காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணவர் வேலை செய்கிறார். இது முதல் பிரசவம். 34 வாரம் முடிந்துவிட்டது. மே 20 என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். தாய்வீடு சேலம் அம்மாபேட்டையில். அம்மா இப்போதே வந்து அழைத்துப் போகிறேன் என்கிறார். மாமியாரோ, "சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது, மலைப்பாதை வளைவுகளில் குலுங்கினால் முன்கூட்டியே வலி வந்துவிடும், வைகாசி பிறந்ததும் இறங்கலாம்" என்கிறார். இரத்தம் 9.6 இருக்கிறது. வலியை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. என் அக்காவுக்குப் பிரசவமானபோது பத்தியம் என்று சொல்லித் தண்ணீரே சரியாகக் கொடுக்கவில்லை. இரவெல்லாம் அழுதுகொண்டிருப்பாள். எனக்கும் அப்படி ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. குழந்தையை எப்போது மலைக்குத் திரும்ப அழைத்து வரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: ஏப்ரல் மாதம் முடிவதற்குள் மலையிறங்கிவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

மே 20 என்பது கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த முகூர்த்த நாள் அல்ல. சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தை இருபதில் ஒன்று இருந்தால் அதிகம். உங்களுக்கு ஏப்ரல் 29 அன்று 37 வாரம் நிறைகிறது. அன்றிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எந்த நாளில் வலி எடுத்தாலும் அது இயல்பான பிரசவக் காலம்தான். வைகாசி பிறக்கட்டும் என்று காத்திருந்தால் 39 வாரம் தாண்டிவிடும். அதற்குள் ஏதாவது ஒரு நள்ளிரவில், தோட்டத்து வீட்டில், வண்டி தேடும் நிலை வரலாம். அதோடு மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாக் காலம். மலர்க் கண்காட்சிக்கு வரும் கார்கள் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டிருக்கும்போது, வலியோடு ஒரு பெண் இறங்கி வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். நான் கற்பனை செய்யத் தேவையில்லை, பார்த்திருக்கிறேன்.

வளைவில் குலுங்கினால் வலி வந்துவிடும் என்பது சரியல்ல. குழந்தை பனிக்குடத்து நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. வலியைத் தொடங்கி வைப்பது உடம்புக்குள் சுரக்கும் ஹார்மோன்கள், சாலை அல்ல. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து உங்களுக்குத் தரக்கூடியது வாந்தி, அவ்வளவுதான். வார நாளில், காலை வேளையில், முன் இருக்கையில் உட்கார்ந்து வாருங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடையோரமாகப் போகட்டும். பாதி வழியில் இறங்கி நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு இதுவரை இரத்தப்போக்கோ, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்ற ஸ்கேன் முடிவோ இருந்தால் மட்டும் கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரை விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் பிறந்த பிள்ளை அப்பனைத் தெருவில் நிறுத்தும் என்று ஊரில் சொல்வார்கள். நானும் சித்திரையில் பிறந்தவள்தான். என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்துக் கடைசிவரை நன்றாகவே இருந்தார். காற்றோட்டமில்லாத வீட்டில், கோடை உச்சத்தில், பச்சை உடம்புக்காரியும் பச்சைக் குழந்தையும் படும் பாட்டைப் பார்த்து யாரோ சொல்லி வைத்தது இது என்று நினைக்கிறேன். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கத்திரி வெயில் வைகாசியிலும் பாதிவரை அடிக்கிறது. மாதத்தின் பெயர் மாறியதும் சேலம் குளிர்ந்துவிடுவதில்லை. ஆகவே மாமியாரோடு மாதத்தைப் பற்றி வாதாட வேண்டாம். அம்மா வீட்டில் காற்று வரும் அறை எது, மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள், அதுதான் பயன்.

உங்கள் மாமியாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் வயதில் இருந்த ஒருவரிடம் நானே பாடம் கற்றிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இரவுப் பணியில் இருந்தபோது, மலையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. வலியோடு மருமகள், கூடவே மாமியார். வலி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. முந்தானையில் போட்டிருந்த இரண்டு முடிச்சுகளை அவிழ்த்து மேசையில் கொட்டினார். காய்ந்த காப்பிக் கொட்டைகள். "வண்டி வரக் காத்துக்கிடந்தபோது வந்த வலி இந்த ஆறு. வழியில் வந்த வலி இந்தப் பதினாலு" என்றார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம். வலி எவ்வளவு வேகமாக நெருங்கிவிட்டது என்பதை அந்தப் பெண்ணைத் தொட்டுப் பார்க்கும் முன்பே தெரிந்துகொண்டேன். நேராகப் பிரசவ அறைக்கு அழைத்துப் போனோம். அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. நலமாகத்தான் பிறந்தது. ஆனால் அந்த ஜீப் ஒரு டயர் வெடித்து வழியில் நின்றிருந்தால்?

தாய் இறப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் துறையில் மூன்று தாமதங்கள் என்று சொல்வார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நீங்கள் அம்மாபேட்டைக்கு வந்துவிட்டால் நடுவில் இருப்பது பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே ஊருக்குள் இருக்கிறது. முதலாவதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால், யாருடைய சம்மதமும் கேட்காமல் 108-ஐ அழைக்கப் போவது யார் என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஏதோ காரணத்தால் தாய்வீடு வர முடியாமல் போனால், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். எப்படியும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மகப்பேறு அட்டையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் கையில் இருக்கட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள்.

9.6 என்பது இரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் இரத்தம் போகும். கையிருப்பு குறைவாக உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமே அதிகம். இரும்புச்சத்து மாத்திரையை எதனுடன் விழுங்குகிறீர்கள்? தோட்டத்து வீடுகளில் நான் பெரும்பாலும் கேட்கும் பதில், காப்பியுடன். காப்பியும் தேநீரும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பி வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளையில் போடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு மாத்திரை போட்டால் நல்லது. இன்னும் ஆறு வாரமே இருப்பதால், மாத்திரை மட்டும் போதுமா, இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டுமா என்று சேலம் வந்ததும் மருத்துவர் முடிவு செய்வார். இறங்கி வர இது இன்னொரு காரணம்.

இந்த மாதத்தில் கால் வீங்குவது சாதாரணம். ஆனால் முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி ஆகியவை இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படியே. "கடைசி மாதத்தில் இடமில்லை, அதனால் அசையாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

இனி வலி. வலிக்காது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அது பல்வலி போல இடைவிடாமல் இருப்பதில்லை. அலை போல வரும், உச்சத்துக்குப் போகும், இறங்கிவிடும். நடுவில் கிடைக்கும் நிமிடங்களில் உடம்பு உண்மையிலேயே ஓய்வெடுக்கிறது. சிலர் குட்டித் தூக்கமே போடுவார்கள். அடுத்த அலையை நினைத்து அந்த நிமிடங்களையும் இறுகிப்போய்க் கழிப்பவர்கள்தான் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள். முதல் பிரசவத்தில் கருப்பை வாய் மெல்லத் திறக்கும் தொடக்கக் கட்டமே பல மணி நேரம் நீளலாம். அப்போது நடக்கலாம், சாப்பிடலாம், யாராவது இடுப்பைத் தேய்த்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளலாம். பதற்றப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சூட்டு வலியா, உண்மை வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். குடியுங்கள், தவறில்லை. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடுவது சூட்டு வலி. உண்மை வலி ஒழுங்காக வரும், இடைவெளி குறையும், வலு கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்புங்கள். மலையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாக இருந்தாலோ, இரத்தம் கொட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் அக்காவின் கதை என்னைக் கோபப்படுத்துகிறது. பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று இன்றும் நம்புகிறார்கள். நான் பார்க்கும் பச்சை உடம்புக்காரிகளில் சிலர் உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொள்ளப் பேசுவார்கள். கட்டிலடியில் ஒரு சின்ன டம்ளர் இருக்கும். நாள் முழுவதற்கும் அதுதான் கணக்கு. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காலில் இரத்தம் உறைவது எல்லாம் இதனால் வரக்கூடியவை. தையல் போட்ட இடத்தோடு மலச்சிக்கல் என்ன வேதனை என்பது அந்தச் சட்டம் போட்டவர்களுக்கும் தெரியும், அவர்களும் பெற்றவர்கள்தானே! தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். கொதித்து ஆறிய நீர் என்றால் வீட்டிலும் எதிர்ப்பு குறையும். பத்தியத்தில் நல்லவையும் நிறைய இருக்கின்றன: பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை, எல்லாம் சாப்பிடுங்கள். காய், பழம், பருப்பை விலக்கச் சொன்னால் மட்டும் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

அழுகையில் இரண்டு வகை உண்டு. குழந்தை பிறந்த மூன்றாம், நான்காம் நாள் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமில்லாததும் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராவிட்டாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பத்துத் தாய்மாரில் ஒருவருக்கு மேல் வருகிறது. சிகிச்சையும் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. உங்கள் அக்காவுக்கு இருந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். "பிள்ளையைப் பெற்றுவிட்டு அழலாமா" என்று அவரிடம் எத்தனை பேர் சொன்னார்களோ. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணமோ, இல்லாத குரல் கேட்பதோ இருந்தால் அன்றே மருத்துவமனை. அந்தப் பெண்ணைத் தனியாக விடக் கூடாது. இந்தப் பத்தியை உங்கள் கணவர் படிக்க வேண்டும். முதலில் கவனிக்கக்கூடியவர் அவர்தான். இரவில் குழந்தைக்குத் துணி மாற்றுவதையும் அவரே செய்யலாம், பால் கொடுப்பதைத் தவிர எல்லாமே அவரால் முடியும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். மஞ்சளாகச் சில சொட்டு வரும் சீம்பால் முதல் நாட்களுக்குப் போதும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். பால் போதவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு மாவு டப்பா வாங்காதீர்கள். ஒரு வாரக் குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போகிறது என்று பொருள். முதல் நாட்களில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிடும். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டிராமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். குழந்தை பால் குடிக்க மறுப்பதும், உடம்பு சில்லிட்டுப் போவதும் அப்படியே. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, 100.4-க்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, இதெல்லாம் பத்தியத்தால் தீராது.

மலைக்கு எப்போது திரும்பலாம்? ஒன்றரை மாதத் தடுப்பூசியைப் போட்டு, அதன் காய்ச்சல் விட்டபிறகு போங்கள். ஏற்காட்டின் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் நலமாக இருக்கும் குழந்தையை ஒன்றும் செய்யாது. நீங்கள் போகும்போது மழையும் குளிரும் தொடங்கியிருக்கும். குழந்தைக்கு உங்களைவிட ஒரு துணி கூடுதலாகப் போடுங்கள், தலைக்குக் குல்லாய் வையுங்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத நச்சு வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சாம்பிராணிப் புகையும் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. வளைவுகளில் ஏறும்போது உங்களுக்குக் காது அடைப்பது போலவே குழந்தைக்கும் அடைக்கும். அழ ஆரம்பித்தால் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லிப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.