யூரியாவைச் சுட்ட பொடியும் வெயிலும் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் பாகலூர் பக்கம் பாலிஹவுஸில் ரோஜா போட்டிருக்கிறேன். சொட்டுநீர்க் குழாயில் பாசி பிடிப்பதால் ஹைட்ரஜன் பெராக்சைடு கேன் வாங்கிக் கலந்து விடுகிறேன். யூரியாவைச் சுட்டு எடுக்கும் மஞ்சள் பொடியைத் தொட்டியில் போட்டால், வெயிலே பெராக்சைடு தயாரித்துவிடும் என்கிறான் எம்.எஸ்சி. படிக்கும் மகன். செய்யலாமா?

பதில்: மகன் சொல்வது உண்மை. ஆனால் தொட்டியில் போட வேண்டாம்.

அந்தப் பொடி கார்பன் நைட்ரைடு. வெளிச்சம் பட்டால் அதில் எலக்ட்ரான் விடுபடும். தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரானை வாங்கினால் பெராக்சைடு. நான்கை வாங்கினால் வெறும் தண்ணீர். இப்படி வெளிச்சத்தால் வினையைத் தூண்டும் பொருள்தான் ஒளிவினையூக்கி; இரண்டோடு நிற்க வைப்பதில்தான் அதை வடிவமைப்பவரின் பாடே இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளியை மட்டுமே பிடிக்கும். அது வெயிலில் சுமார் 5 சதவீதம்தான். உருவான பெராக்சைடையும் தன் மேற்பரப்பிலேயே உடைத்துவிடும். கார்பன் நைட்ரைடு நீல ஒளியையும் ஓரளவு உறிஞ்சும். அதனால்தான் மஞ்சளாகத் தெரிகிறது.

எனக்கு நம்பிக்கை தருவது உங்கள் தேவையின் அளவு. அடர்த்தியான கரைசலை வாங்கி, லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் என்று நீர்க்க வைத்துத்தானே விடுகிறீர்கள்? வெயில் தரக்கூடியதும் அந்த அளவுதான். 2019-ல் ஒசாகா பல்கலைக்கழகக் குழு, ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு பிசின் என்ற வேறொரு ஒளிவினையூக்கியைக் கொண்டு சூரிய ஆற்றலில் 0.5 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடாக மாற்றிக் காட்டியது. சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 5 யூனிட் வெயில் என்று வைத்தால், கணக்குப்படி 26 கிராம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் சுமார் 870 லிட்டருக்கு வரும்!

அது ஆய்வகத்தின் சுத்தமான நீரில். போர் தண்ணீரில் இரும்போ மாங்கனீசோ இருந்தால், உருவாக உருவாக உடையும். பல ஆய்வுகளில் ஆல்கஹாலும் சேர்ப்பார்கள். அது குழாயில் வழவழப்பை உண்டாக்கும் கிருமிக்கே தீனி. பொடியோ நேராகப் போய் டிரிப்பரை அடைக்கும்.

மகனுக்கு இது அருமையான ப்ராஜெக்ட். பொடியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் வைக்கட்டும். ஒரு தட்டில் உங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் வடித்த நீர், மூன்றாவதில் பொடியில்லாத போர் தண்ணீர். பெராக்சைடு சோதனைப் பட்டையால் மணிக்கொரு முறை பார்க்கட்டும். ஏறிவந்த அளவு உச்சி வெயிலிலும் மேலே ஏறாமல் நின்றால், உருவாகும் வேகத்திலேயே உடைகிறது என்று பொருள். பொடியைக் கல்லூரி ஆய்வக உலையில் மட்டும் தயாரிக்கட்டும்; 550 டிகிரிச் சூட்டில் அம்மோனியா கிளம்பும், வீட்டு அடுப்புக்கு ஆகாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடைப் பெராக்சைடு ஒன்றும் செய்யாது. குடிநீருக்கு இதை நம்பாதீர்கள்.

அதுவரை கேன்தான். நிழலில் வையுங்கள், வாயு வெளியேறும் மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், ஊற்றும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.