ரிப்போர்ட் இருக்கு, புரியத்தான் மாட்டேங்குது!

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் கட்டி முப்பது வருஷம் ஆகுது. இன்ஜினியர் வந்து பார்த்துட்டு நாப்பது பக்க ரிப்போர்ட் குடுத்திருக்காரு, ஸ்பாலிங், ஸ்ட்ரக்சுரல் டேமேஜ்னு என்னென்னமோ போட்டிருக்கு, பில்டிங் விழுந்துடுமா விழாதான்னு மட்டும் ஒரு வரி கூட இல்ல. இதை எப்படி சார் படிக்கிறது?

பதில்: புரியலன்னா அது எழுதினவர் தப்புங்க. நானும் இன்ஜினியர்தான், நானும் இதை பண்ணிருக்கேன். ஒரு தடவை ஸ்பாலிங்னு எழுதிக் குடுத்தேன், அசோசியேஷன் செக்ரட்டரி அதை சிவப்பு பேனாவால சுழிச்சு "ஸ்பெல்லிங் சரி பண்ணுங்க சார்"னு திருப்பி அனுப்பிட்டாரு. சிரிச்சுட்டேன், அப்புறம்தான் சுருக்குனு இருந்துச்சு. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி, காங்கிரீட்டை வெளிய தள்ளி பேத்துடுது, அதுக்குத்தான் அந்தப் பேரு. துரு இரும்பை விட சில மடங்கு இடம் கேக்கும், அதனால மேல பூசி பெயின்ட் அடிச்சாலும் உள்ள அது பாட்டுக்கு நடந்துட்டேதான் இருக்கும். ஸ்ட்ரக்சுரல் டேமேஜ்னா கட்டிடத்தோட பாரத்தைத் தாங்கற பீம், தூண், ஸ்லாப்ல சேதம்னு அர்த்தம்.

அமெரிக்கா ஃப்ளோரிடால சர்ஃப்சைடுங்கற ஊர்ல 12 மாடி குடியிருப்பு ஒண்ணு 2021 ஜூன் 24 ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப சரிஞ்சு 98 பேர் போயிட்டாங்க. 2018லயே இன்ஜினியர் ஒருத்தர், நீச்சல்குளத் தளத்துக்கு அடியில வாட்டர்ப்ரூஃபிங், அதாவது தண்ணி இறங்காம தடுக்கற பூச்சு, போயி கீழ காங்கிரீட் ஸ்லாப்ல பெரிய டேமேஜ்னு எழுதிக் குடுத்திருந்தாரு, ஆனா உடனே ஆபத்துன்னு எழுதல, அடுத்த மாசமே ஊர் பில்டிங் அதிகாரி மீட்டிங்ல வந்து கட்டிடம் நல்லா இருக்குன்னு சொன்னதா குறிப்புல இருக்கு. செலவு யார் எவ்வளவு போடறதுன்னு இழுபறியிலயே மூணு வருஷம் ஓடிடுச்சு.

அதனால அவரை கூப்பிட்டு உக்கார வச்சு கேளுங்க: அப்படியே விட்டா என்ன ஆகும், எந்த பீம், எந்த தூண், எத்தனை மாசத்துக்குள்ள பண்ணணும், உங்க புள்ளைங்கள இங்க தூங்க வைப்பீங்களா. கடைசி கேள்விய என்கிட்ட ஒரு அம்மா கேட்டப்ப ரெண்டு நிமிஷம் என் வாயே திறக்கல. இதுக்கு நடுவுல நீங்களும் சும்மா இருக்காம, விரிசலோட ரெண்டு நுனியிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, கோட்டைத் தாண்டுச்சுன்னா அன்னிக்கே போன் பண்ணுங்க. அதுக்காக கோடு தாண்டலன்னா நிம்மதின்னு இருந்துடாதீங்க, துரு வேலை தனி.

கேள்வி: நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்னு சொன்னாங்க, அது போன வருஷமே வந்துட்டுப் போயிடுச்சு. இனி பேஸ்மென்ட்ல ஜெனரேட்டர் வைக்கலாம்தானே?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு சான்ஸ்னுதான் அதுக்கு அர்த்தம், போன வருஷம் வந்துச்சா இல்லையான்னு வெள்ளம் கணக்கு வச்சுக்காது. 30 வருஷ லோன் கட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 26 சதவீதம், அதாவது நாலுல ஒண்ணுக்கும் கொஞ்சம் மேல. அப்படி பேர் வச்சவங்கள சொல்லணும்! ஜெனரேட்டரை மேல ஏத்துங்க, கூடவே சுவிட்ச் போர்டையும் ஏத்துங்க, முக்கால்வாசி பேர் அதை கீழயே விட்டுடறாங்க.